நகலெடுப்பும் நாவடக்கமும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மென்பொருள் திருட்டையும் கருத்துச் சுதந்திரத்தையும் பற்றியவை. ஒரு கேள்விக்கான பதில் இன்னொன்றுக்கும் தேவைப்படுவதால் அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: காசு கொடுக்காமல் மென்பொருளை நகலெடுப்பவர்கள் அதற்குக் கருத்துச் சுதந்திரம் என்று பெயர் சூட்டிக்கொள்வது வெறும் சப்பைக்கட்டு அல்லவா? இரண்டுக்கும் என்ன தொடர்பு? (ஓய்வுபெற்ற கணக்காய்வாளர்)

பதில்: நகலெடுப்பவரின் செயலைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. விலைக்கு விற்கப்படும் ஒரு மென்பொருளின் பூட்டை உடைத்துத் தம் கணினியில் நிறுவிக்கொள்பவர் எந்தக் கருத்தையும் யாருக்கும் சொல்லவில்லை. செலவை மிச்சப்படுத்துகிறார், அவ்வளவே. அவருக்காக வாதாட இந்தப் பக்கத்தில் இடம் இல்லை. தொடர்பு அவரிடம் இல்லை, அவரைப் பிடிப்பதற்காக இயற்றப்படும் சட்டத்தில் இருக்கிறது. நகல்களைத் தடுக்க வேண்டுமென்றால் யார் எதை வெளியிடுகிறார்கள், எந்தக் கருவியைப் பற்றி எழுதுகிறார்கள், எதை யாருக்கு அனுப்புகிறார்கள் என்று கண்காணிக்க வேண்டும். கண்டதை நீக்கும் அதிகாரம் யாரிடமாவது இருக்க வேண்டும். அந்த அதிகாரம் விரைவாகச் செயல்பட வேண்டுமானால் முதலில் நீதிமன்றத்தைக் கேட்கும் வழக்கத்தைத் தளர்த்த வேண்டும். தணிக்கை செய்ய விரும்பும் ஒருவருக்கும் இதே மூன்று வசதிகள்தாம் தேவைப்படுகின்றன. திருட்டைத் தடுக்க மட்டுமே இவற்றைப் பயன்படுத்துவார்கள் என்ற நம்பிக்கையில்தான் நாம் சட்டங்களுக்குத் தலையசைக்கிறோம். அந்த நம்பிக்கை எத்தனை முறை பொய்த்திருக்கிறது என்பதைப் பின்வரும் பதில்களில் பார்க்கலாம்.

கேள்வி: பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளர்களை ஊக்குவிப்பதற்காகவே பிறந்தது என்று படித்தேன். அது முழு உண்மையா? (சட்டக் கல்லூரி மாணவி)

பதில்: பாதி உண்மை, அதுவும் காலத்தால் பிந்திய பாதி. 1557-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரசி மேரி, லண்டனின் அச்சகத்தாரும் புத்தக வணிகர்களும் அடங்கிய ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்ற சங்கத்துக்கு அரச சாசனம் ஒன்றை வழங்கினார். அரசிக்கு வேண்டியிருந்தது தம் மதக் கொள்கைக்கு எதிரான நூல்கள் அச்சேறாமல் தடுப்பது. சங்கத்துக்கு வேண்டியிருந்தது தம் உறுப்பினர் அல்லாத எவரும் அச்சுத்தொழிலில் இறங்காமல் தடுப்பது. இரு தரப்பின் தேவையும் ஒரே ஏற்பாட்டில் நிறைவேறியது. சங்கத்தார் பிறருடைய அச்சகங்களுக்குள் நுழைந்து சோதனையிடலாம், அனுமதியற்ற புத்தகங்களைப் பறிமுதல் செய்யலாம். அரசுக்குச் சம்பளமில்லாத காவலர்கள் கிடைத்தார்கள். சங்கத்துக்குப் போட்டியில்லாத சந்தை கிடைத்தது. எழுத்தாளர் இந்த ஏற்பாட்டில் எங்குமே இல்லை.

உள்நாட்டுப் போர்க் காலத்தில் பழைய தணிக்கை அமைப்பு குலைந்தபோது, அதை மீண்டும் கொண்டுவரும்படி நாடாளுமன்றத்திடம் மனுக் கொடுத்தவர்களும் இதே வணிகர்கள்தாம். 1643-இல் நூல்களுக்கு முன் அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. அதை எதிர்த்து மறு ஆண்டே கவிஞர் ஜான் மில்டன், அனுமதி பெறாமலே அச்சிட்டு வெளியிட்ட துண்டுநூலில், அச்சுரிமையின் நியாயத்தைப் பேசி இந்த ஆணையைக் கொண்டுவந்ததில் புத்தக வணிகத்தின் பழைய ஏகபோகக்காரர்களுடைய சூழ்ச்சி இருப்பதாகத் தமக்குப் படுகிறது என்று குறிப்பிட்டிருக்கிறார். சட்டத்தின் உரைக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று கேட்கும் பழக்கம் நம் காலத்தில் தோன்றியதல்ல.

1662-இல் புதுப்பிக்கப்பட்ட அனுமதிச் சட்டம் 1695-இல் காலாவதியானது. அதற்கு மறுபடி உயிர் கொடுக்க நாடாளுமன்றம் இணங்கவில்லை. தணிக்கையின் தோளில் ஏறிப் பயணம் செய்த ஏகபோகம் இப்போது தரையில் நின்றது. வணிகர்கள் பலமுறை முறையிட்டும் பலன் கிடைக்காத நிலையில்தான் அவர்கள் வாதத்தின் முகம் மாறியது: நூலைப் படைத்தவரின் உழைப்பு, அவர் குடும்பத்தின் வறுமை ஆகியவை முன்னுக்கு வந்தன. அதன் விளைவாக 1710-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், கல்வியை ஊக்குவிப்பதே தன் நோக்கம் என்று தலைப்பிலேயே அறிவித்து, உரிமையை எழுத்தாளருக்கு 14 ஆண்டுகளுக்குக் கொடுத்தது. அவர் உயிருடன் இருந்தால் இன்னொரு 14 ஆண்டுகள் நீட்டிக்கலாம். வணிகர்கள் இந்தக் கால வரம்பையும் ஏற்காமல், நூலின் மீதான உரிமை நிரந்தரமானது என்று பல்லாண்டுகள் வழக்காடினார்கள். 1774-இல் பிரபுக்கள் சபை அதை நிராகரித்தது.

ஆகவே, எழுத்தாளர் நலன் என்பது வெறும் முகமூடி என்று நான் சொல்லமாட்டேன். முகமூடியாக அணியப்பட்டது காலப்போக்கில் உண்மையான முகமாகவும் ஆனது. 1710-ஆம் ஆண்டுச் சட்டம் உலகுக்கு நன்மையே செய்தது. ஆனால் அந்த நன்மை, சட்டத்தைக் கேட்டவர்களின் விருப்பத்தால் வந்ததல்ல. அவர்கள் கேட்டதை அப்படியே கொடுக்காமல் கால வரம்பு போட்டுக் கொடுத்ததால் வந்தது.

கேள்வி: நான் ஒரு மென்பொருளை நகலெடுத்தால் அதன் உரிமையாளரிடம் மூலம் அப்படியே இருக்கிறது. பிறகு அதை எப்படித் திருட்டு என்கிறார்கள்? (பொறியியல் மாணவர்)

பதில்: இந்த வாதத்தை நீதிமன்றங்களும் ஓரளவு ஏற்றிருக்கின்றன, ஆனால் அதிலிருந்து நீங்கள் எதிர்பார்க்கும் முடிவு கிடைக்காது. அனுமதியில்லாத இசைத்தட்டுகளை மாநில எல்லை தாண்டி அனுப்பியவர்மீது களவுப்பொருள் கடத்தல் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தபோது, பதிப்புரிமை மீறலால் உண்டான பிரதிகள் அச்சட்டம் கூறும் களவுப்பொருள்கள் ஆகா என்று 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மென்பொருள் உலகில் இதன் எதிரொலி 1994-இல் கேட்டது. எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் ஒருவர், விலையுயர்ந்த மென்பொருள்களை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருந்தார். இழப்பு 10 லட்சம் டாலருக்கு மேல் என்று அரசுத் தரப்பு கூறியது. ஆனால் அவர் ஒரு காசும் சம்பாதிக்கவில்லை; அக்காலச் சட்டப்படி, ஆதாயம் கருதிச் செய்த மீறல் மட்டுமே குற்றவியல் தண்டனைக்கு உரியது. எனவே அரசு அவர்மீது மோசடி வழக்குத் தொடுத்தது. நீதிபதி அந்த மாணவரின் நடத்தையைக் கடுமையாகக் கண்டித்தார். கண்டித்துவிட்டு, இதைக் குற்றமாக்க வேண்டியது நாடாளுமன்றத்தின் வேலையே தவிர, வேறொரு சட்டத்தை இழுத்து நீட்டுவது அரசு வழக்கறிஞரின் வேலையல்ல என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

நாடாளுமன்றம் மூன்றே ஆண்டுகளில் அந்த வேலையைச் செய்தது. 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 180 நாட்களுக்குள் சில்லறை விலையில் 1,000 டாலருக்கு மேற்பட்ட நகல்களை உருவாக்கினாலோ பரப்பினாலோ, ஆதாயம் இல்லாவிட்டாலும் குற்றம். வணிகப் போட்டியாளருக்காக வரையப்பட்ட குற்றத்தின் எல்லைக்குள் சாதாரணப் பயனாளர் கால்வைத்த ஆண்டு அது.

உங்கள் கேள்விக்கு நேரான விடை இதுதான்: அது களவு அல்ல, ஆனாலும் தவறு. தனியாக உட்கார்ந்து இரண்டாண்டு உழைத்து ஒரு மென்பொருளை உருவாக்கியவரிடம் மூலப் பிரதி அப்படியே இருக்கிறது என்று ஆறுதல் கூறினால், அவர் அந்தப் பிரதியை வைத்துக்கொண்டு வாடகை கட்ட முடியாது.

கேள்வி: பெரிய நிறுவனங்களே தங்கள் மென்பொருள் திருடப்படுவதைக் கண்டும் காணாமல் விட்டன என்கிறார்களே? (சுயதொழில் செய்பவர்)

பதில்: பில் கேட்ஸ் 1976-இல், தம் நிறுவனம் ஆல்டேர் கணினிக்காக எழுதிய பேசிக் மொழியைப் பொழுதுபோக்குக் கணினி ஆர்வலர்கள் நகலெடுத்துப் பரப்புவதைக் கண்டித்து, அவர்களில் பெரும்பாலானோர் மென்பொருளைத் திருடுகிறார்கள் என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். அதே கேட்ஸ் 1998-இல் ஒரு பல்கலைக்கழக மேடையில், சீனாவில் மக்கள் மென்பொருளுக்குப் பணம் கொடுப்பதில்லை என்றும், திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதைத் திருடட்டும் என்றும், பழகிய பிறகு பணம் வசூலிக்கும் வழியைப் பின்னர் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்றும் பேசினார். இரண்டிலும் அவர் உண்மையைத்தான் சொன்னார்; முதலாவது சந்தையில் நுழைபவரின் கவலை, இரண்டாவது சந்தையைப் பிடித்துவிட்டவரின் கணக்கு.

கேள்வி: கணினி நிரல் ஒரு பேச்சா? அது இயந்திரத்துக்கு இடும் கட்டளை மட்டும்தானே? (மென்பொருள் பொறியாளர்)

பதில்: வந்த கேள்விகளில் இதுவே கடினமானது, நீதிமன்றங்களும் இதில் ஒரு கால் இங்கும் ஒரு கால் அங்குமாகவே நிற்கின்றன.

1990-களின் அமெரிக்காவில் வலுவான குறியாக்க மென்பொருள் (செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது), ஏற்றுமதிச் சட்டத்தில் போர்த்தளவாடமாக வகைப்படுத்தப்பட்டிருந்தது. பில் ஸிம்மர்மன் 1991-இல் உருவாக்கிய பிஜிபி என்ற குறியாக்க மென்பொருள் இணையத்தின் வழியே நாட்டெல்லையைக் கடந்ததால், அவர்மீது பல ஆண்டுகள் குற்றவியல் விசாரணை நடந்தது. 1995-இல் அந்த மென்பொருளின் மூல நிரல் (நிரலாளர் எழுதும், மனிதர் படிக்கக்கூடிய வரிகள்) முழுவதையும் எம்.ஐ.டி. பதிப்பகம் அச்சுப் புத்தகமாக வெளியிட்டது. புத்தகத்தை ஏற்றுமதி செய்யத் தடையில்லை; வட்டில் பதிந்து அனுப்பினால் ஆயுதக் கடத்தல். ஒரே வரிகள், ஒரே சின்னங்கள். சட்டத்தின் அபத்தத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வாதத்தை எந்த வழக்கறிஞரும் எழுதியதாக நான் அறியேன். 1996-இல் விசாரணை கைவிடப்பட்டது. அக்காலத்திலேயே, டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற கணித ஆய்வாளர் தாம் எழுதிய குறியாக்க நிரலை வெளியிட அரசின் முன் அனுமதி எதற்கு என்று தொடுத்த வழக்கில், மூல நிரல் என்பது அரசியல் சட்டம் காக்கும் பேச்சுதான் என்று கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் கூறியது. 2000-இல் வேறொரு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றும் அதே முடிவுக்கு வந்தது. நிரலாளர்கள் ஒருவருக்கொருவர் கருத்தைத் தெரிவித்துக்கொள்ளும் மொழி அது என்பதே அவற்றின் அடிப்படை.

தேசப் பாதுகாப்பு என்ற வாதத்தின் முன் நிமிர்ந்து நின்ற இந்தக் கோட்பாடு, பதிப்புரிமை என்ற வாதத்தின் முன் வளைந்து கொடுத்தது என்பதுதான் வியப்பு. 1998-இல் அமெரிக்கா இயற்றிய டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம், நகலெடுப்பதை மட்டுமல்லாமல், நகல் தடுப்புப் பூட்டைத் திறக்கும் கருவியைப் பரப்புவதையும் தடை செய்தது. டிவிடி பூட்டைத் திறக்கும் சிறு நிரல் ஒன்று 1999-இல் நார்வே நாட்டுப் பதின்பருவ இளைஞர் ஒருவரின் பங்கோடு வெளிவந்தது. தாம் வாங்கிய வட்டைத் தம் கணினியில் பார்ப்பது குற்றமாகாது என்று நார்வே நீதிமன்றங்கள் 2003-இல் அவரை விடுவித்தன. அமெரிக்காவிலோ, அந்த நிரலைச் செய்தியோடு வெளியிட்ட கணினி இதழ் ஒன்றின்மீது திரைப்பட நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நிரல் பேச்சுதான் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அது வேலையும் செய்வதால் அந்த வேலையைக் கட்டுப்படுத்தலாம் என்று கூறி, அந்த இதழ் நிரலை வெளியிடுவதையும் அது கிடைக்கும் இடங்களுக்கு இணைப்புக் கொடுப்பதையும்கூடத் தடை செய்தது. நிரலைத் தடுத்ததை ஒருவாறு புரிந்துகொள்ளலாம். அது எங்கே இருக்கிறது என்று வாசகருக்குச் சொல்வதையே தடுத்த பகுதியை, ஓர் இதழில் எழுதுபவன் என்ற முறையில் என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

அதே ஆண்டில் இன்னும் இரண்டு நிகழ்வுகள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டனும் அவர் குழுவினரும், இசைத் துறையின் அமைப்பு ஒன்றே உடைத்துப் பார்க்கும்படி பொது அழைப்பு விடுத்த பாதுகாப்பு முறைகளை ஆராய்ந்து அவற்றின் பலவீனங்களைக் கட்டுரையாக எழுதினர். வழக்கு வரக்கூடும் என்று இசைத் துறையிலிருந்து கடிதம் வந்ததும், ஏப்ரல் மாதக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப்படாமல் திரும்பப் பெறப்பட்டது. ஆகஸ்டில்தான் அது வெளியானது. ஜூலையில், மின்னூல் பூட்டுகளின் குறைகளைப் பற்றி லாஸ் வேகஸில் உரையாற்றிவிட்டு ஊர் திரும்பவிருந்த ரஷ்ய நிரலாளர் திமித்ரி ஸ்க்ல்யாரோவ் கைது செய்யப்பட்டார். ரஷ்யாவில் சட்டப்படி செய்த வேலைக்காக அமெரிக்காவில் சிறை. புகார் கொடுத்த நிறுவனமே எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கியது. அவர் வேலை பார்த்த நிறுவனத்தை 2002 டிசம்பரில் நடுவர் குழு குற்றமற்றது என்று விடுவித்தது. ஆனால் அதற்குள் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சிலர் அமெரிக்கக் கருத்தரங்குகளுக்குச் செல்வதையே தவிர்க்கத் தொடங்கியிருந்தார்கள். இவர்களில் எவரும் ஒரு திருட்டு நகலையும் விற்றவர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: மென்பொருள் திருட்டால் ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் கோடி இழப்பு என்று வரும் புள்ளிவிவரங்களை நம்பலாமா? (ஆசிரியை)

பதில்: எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஒவ்வொரு திருட்டு நகலையும் கைநழுவிய ஒரு விற்பனையாகக் கருதினால் இழப்பு மலைபோல் உயரும். இலவசம் என்பதால் மட்டுமே எடுத்தவர் விலை கொடுத்து வாங்கியிருப்பாரா என்று கேட்டால் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2010-இல் வெளியிட்ட அறிக்கை, அரசுத் துறைகளின் பெயரால் நெடுங்காலம் மேற்கோள் காட்டப்பட்டுவந்த மூன்று மதிப்பீடுகளுக்கு அடிப்படைத் தரவுகளைக் கண்டறிய முடியவில்லை என்று கூறியது. சட்டம் இயற்றுவோர் அந்த எண்களை அதற்கு முன்பே பயன்படுத்தி முடித்திருந்தனர்.

கேள்வி: நான் பதிவேற்றிய ஒரு காணொலி, பதிப்புரிமைப் புகார் என்ற ஒற்றை வரியோடு நீக்கப்பட்டது. யாரும் என்னை விசாரிக்கவில்லை. இது எப்படிச் சாத்தியம்? (குறும்பட இயக்குநர்)

பதில்: நான் மேலே குறிப்பிட்ட 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு பகுதி இருக்கிறது, பல நாடுகளின் தளங்களும் நடைமுறையில் அதையே பின்பற்றுகின்றன. பிறர் பதிவேற்றும் உள்ளடக்கத்துக்குத் தளம் நடத்தும் நிறுவனம் பொறுப்பாகாமல் இருக்க வேண்டுமானால், புகார் வந்தவுடன் அதை விரைந்து நீக்க வேண்டும். நீக்கினால் நிறுவனத்துக்கு ஆபத்து இல்லை. நீக்காமல் ஆராய்ந்துகொண்டிருந்தால் ஆபத்து உண்டு. இந்த நிலையில் எந்த நிறுவனமும் என்ன செய்யும் என்பதை யூகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். நீங்கள் மறுப்பு அனுப்பலாம். அதன் பின்னரும் 10 முதல் 14 வேலைநாட்கள் வரை காத்திருக்க வேண்டும். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு வெளியிட்ட ஒரு காணொலிக்கு அந்தக் காத்திருப்பின் பொருள் என்ன என்பதை எண்ணிப் பாருங்கள்.

புகார் செய்பவரின் பக்கம் சட்டம் மென்மையாக நடந்துகொள்கிறது. உரிமையாளரின் சார்பில் பேசும் அதிகாரம் தமக்கு உண்டு என்பதற்கு மட்டுமே அவர் பொய்ச்சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டு உறுதி கூற வேண்டும்; மீறல் நடந்தது என்பதற்கு நல்லெண்ண நம்பிக்கை போதும். தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்ற பிரிவும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி வென்ற வழக்குகள் மிகச் சில. அவற்றுள் ஒன்று வாக்குப்பதிவு இயந்திரம் தயாரித்த டீபோல்ட் நிறுவனத்தைப் பற்றியது. அந்த இயந்திரங்களின் குறைகளை ஊழியர்களே விவாதித்த உள் மின்னஞ்சல்கள் 2003-இல் கசிந்தன. மாணவர்கள் அவற்றை வெளியிட்டதும், எங்கள் மின்னஞ்சல்களின் பதிப்புரிமை எங்களுக்கே என்று நிறுவனம் நீக்க அறிவிப்புகளை அனுப்பியது. 2004-இல் நீதிமன்றம் இது தெரிந்தே செய்த தவறான பயன்பாடு என்று தீர்ப்பளிக்க, நிறுவனம் 1,25,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. மக்கள் தங்கள் வாக்கு எப்படி எண்ணப்படுகிறது என்று அறிவதைத் தடுக்கப் பதிப்புரிமையை ஒருவர் கையிலெடுக்க முடிந்தது என்பதே இங்கு முக்கியம். தம் குழந்தை ஒரு பாடலுக்கு ஆடும் 29 நொடிக் காணொலி நீக்கப்பட்டதை எதிர்த்து ஒரு தாய் 2007-இல் தொடங்கிய வழக்கில், புகார் அனுப்பும் முன் அது, அனுமதியின்றியும் சட்டம் இடமளிக்கும் ‘நியாயமான பயன்பாடா’ என்று எண்ணிப் பார்ப்பது உரிமையாளரின் கடமை என்று சொல்ல மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 2015 வரை ஆயிற்று. 2010-களில் எக்வடோர் அரசை விமரிசித்த காணொலிகள், அரசுத் தொலைக்காட்சிக் காட்சிகளைப் பயன்படுத்தியதாக ஓர் ஸ்பானிய நிறுவனம் அனுப்பிய புகார்களால் தொடர்ந்து நீக்கப்பட்டன. எக்வடோர் அரசு ஒரு தணிக்கை ஆணையும் பிறப்பிக்கத் தேவையிருக்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது: மறுப்பை உடனே அனுப்புங்கள்; பெரும்பாலோர் அச்சத்தால் அனுப்புவதே இல்லை.

கேள்வி: மென்பொருள் திருட்டுச் சட்டத்தை ஓர் அரசு அரசியல் எதிரிகள்மீது ஏவியதற்கு உண்மையான சான்று உண்டா? இது மிகைப்படுத்தப்பட்ட அச்சம் என்று நினைக்கிறேன். (அரசு ஊழியர்)

பதில்: உண்டு. ரஷ்யாவின் பைக்கால் ஏரிக் கரையில் இயங்கிவந்த காகித ஆலையை மீண்டும் திறக்கும் அரசின் முடிவை எதிர்த்துப் போராடிய ‘பைக்கால் சுற்றுச்சூழல் அலை’ என்ற குழுவின் இர்குட்ஸ்க் அலுவலகத்துக்கு 2010 ஜனவரியில் காவல்துறை சென்றது. திருட்டு மைக்ரோசாஃப்ட் மென்பொருளைத் தேடுவதாகக் கூறி 12 கணினிகளை எடுத்துச் சென்றது. தாங்கள் உரிமத்தோடு வாங்கியவற்றையே பயன்படுத்துவதாகவும், ரசீதுகளைக் காட்டியும் அதிகாரிகள் பார்க்க மறுத்ததாகவும் குழுவினர் கூறினர். கணினிகள் போனதும் குழுவின் பணி முடங்கியது. அவற்றில் இருந்த மின்னஞ்சல்களும் பெயர்ப் பட்டியல்களும் காவல்துறையின் கைக்குப் போயின. இத்தகைய சோதனைகள் அக்காலத்தில் வேறு பல அமைப்புகள்மீதும் எதிர்க்கட்சிச் செய்தித்தாள்கள்மீதும் நடந்திருந்தன.

இந்த உத்தியின் வசதியைப் பாருங்கள். கருத்துக்காகத் தண்டித்தால் உலகம் கண்டிக்கும். அறிவுசார் சொத்துரிமையை நிலைநாட்டினால் பாராட்டும், ஏனென்றால் அதைச் செய்யும்படி மேற்கத்திய அரசுகளே பல ஆண்டுகளாக வற்புறுத்தி வந்தன. எல்லாரும் மீறும் ஒரு சட்டம், யாரை வேண்டுமானாலும் பிடிக்க உதவும் சட்டம். செய்தி 2010 செப்டம்பரில் அமெரிக்கப் பத்திரிகையில் வெளியானதும், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் உள்ளூர் வழக்கறிஞர்கள் இத்தகைய வழக்குகளில் ஒத்துழைப்பதைத் தடுப்பதாக அறிவித்து, ரஷ்யா உள்ளிட்ட பல நாடுகளின் அரசு சாரா அமைப்புகளுக்கும் சிறு ஊடகங்களுக்கும் தன் மென்பொருளுக்கான உரிமத்தை இலவசமாக வழங்கியது. ஒரு தனியார் நிறுவனம் தன் உரிமையைச் சற்றுத் தளர்த்தியதும் ஓர் அரசின் ஆயுதம் மழுங்கியது. சட்டம் அப்படியே இருந்தது.

கேள்வி: எல்லாச் சட்டத்துக்கும் பின்னால் ஒரு சுயநலம் இருக்கிறது என்று நீங்கள் சொல்வது சதிக் கோட்பாடு போலத் தோன்றுகிறதே? (வழக்கறிஞர்)

பதில்: சதி தேவையில்லை என்பதுதான் என் கருத்து. அமெரிக்கப் பொருளியலாளர் ப்ரூஸ் யாண்டில் 1983-இல் ஒரு விளக்கம் கொடுத்தார்: ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைகளை மூட வேண்டும் என்று மதப்பற்றாளர்கள் நேர்மையாகவே கேட்கிறார்கள், அன்று கள்ளச்சந்தையில் விற்பவர்களுக்கும் அதுவே லாபம். இருவரும் சந்தித்துப் பேச வேண்டியதே இல்லை, சட்டம் நிறைவேறிவிடும். சட்டமன்ற உறுப்பினர் மேடையில் முதலாமவரின் சொற்களைப் பேசுவார்.

எனவே, உள்நோக்கத்தை நிரூபிக்க முயல்வதில் நான் நேரம் செலவிடுவதில்லை. மனத்துக்குள் புகுந்து பார்க்க முடியாது. சொன்ன நோக்கத்துக்கும் எழுதிய விதிக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். 1998-இல் அமெரிக்கா பதிப்புரிமைக் காலத்தை 20 ஆண்டுகள் நீட்டித்து, நிறுவனங்களின் படைப்புகளுக்கு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள் என்றாக்கியது. புதிய படைப்புகளுக்கு மட்டும் நீட்டித்திருந்தால் ஊக்கம் என்ற காரணத்தை ஒருவாறு ஏற்கலாம். ஏற்கெனவே வெளிவந்த, படைத்தவர் இறந்துபோன படைப்புகளுக்கும் நீட்டித்தார்கள். 1920-களில் எழுதியவரை 1998-இல் எப்படி ஊக்குவிப்பது? அதை எதிர்த்த வழக்கில் நோபல் பரிசு பெற்ற ஐவர் உள்பட 17 பொருளியலாளர்கள் இதையே எடுத்துரைத்தார்கள். 2003-இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற பெரும்பான்மையில் சட்டத்தை நிலைநிறுத்தியது. மிக்கி மவுஸின் 1928-ஆம் ஆண்டுப் படம் 2024 வரை பொதுச்சொத்தாகாமல் இருந்தது அதனால்தான். இங்கே எவருடைய மனத்தையும் படிக்க வேண்டியதில்லை; காலக்கணக்கே போதும். அதுபோலவே, திரைப்படத்தையும் இசையையும் காக்கவென்று சொல்லி இயற்றிய பூட்டு உடைப்புத் தடையைக் கொண்டு, லெக்ஸ்மார்க் நிறுவனம் தன் அச்சுப்பொறிக்குப் பிறர் மைப்பெட்டி செய்து விற்பதைத் தடுக்க முயன்றது. 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டம் இயற்றியபோது மைப்பெட்டியைப் பற்றி எவரும் பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் விதியின் வாசகம் அதற்கும் இடம் கொடுத்தது.

நான் கேட்கும் இன்னொரு கேள்வி, தவறு நேர்ந்தால் அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பது. பொய்ப் புகார் கொடுத்தவர் தலையிலா, வாய் மூடப்பட்டவர் தலையிலா? இந்த ஒன்றைப் படித்தாலே சட்டத்தைக் கேட்டவர் யார் என்பது பெரும்பாலும் விளங்கிவிடுகிறது.

கேள்வி: அப்படியானால் பதிப்புரிமையே கூடாது என்கிறீர்களா? நான் காசு கொடுத்து வாங்க முடியாத மென்பொருளை என்ன செய்வது? (முதுகலை மாணவர்)

பதில்: பூட்டுடைத்த நகலைத் தேடாதீர்கள், அதனோடு சேர்ந்து வரும் தீநிரல்களே போதுமான காரணம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த திட்டத்திலிருந்து வளர்ந்த கட்டற்ற மென்பொருள்கள் இன்று ஏறக்குறைய எல்லாத் தேவைக்கும் இருக்கின்றன. சில துறைகளில் அவை இன்னும் பின்தங்கியிருக்கின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த இயக்கத்தின் பொது உரிமம் பதிப்புரிமையின் மீதே நிற்கிறது: மாற்றி எழுதலாம், பரப்பலாம், ஆனால் பரப்பும்போது அதே உரிமையைப் பிறருக்கும் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீதிமன்றத்தில் வலியுறுத்தச் சட்டம் வேண்டும். ஆகவே பதிப்புரிமையே கூடாது என்று நான் சொல்லவில்லை.

அதன் அளவைத்தான் கேட்கிறேன். 1990-இல் ஒரு நிறுவனம் வெளியிட்ட மென்பொருளுக்கு அமெரிக்காவில் 2085 முடியும் வரை காவல் இருக்கிறது. அதை இயக்கும் கணினி இப்போதே அருங்காட்சியகத்தில்தான் கிடைக்கும். 1710-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையைக் கொடுத்தபோது, நூலின் 9 பிரதிகளைக் குறிப்பிட்ட நூலகங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற கடமையையும் சேர்த்தே விதித்தது. காலம் முடிந்ததும் எவரும் அந்த நூலை எடுத்து அச்சிட முடிந்தது. மென்பொருளை உலக வர்த்தக ஒப்பந்தங்கள் 1995 முதல் இலக்கியப் படைப்பைப் போலவே காக்கச் சொல்கின்றன. ஆனால் மூல நிரலை ஒருபோதும் வெளியிடாமலே அந்தக் காவலைப் பெறலாம். 2085-க்குப் பிறகு பொதுமக்களுக்குச் சொந்தமாகப் போவது, படித்துப் புரிந்துகொள்ள இயலாத எண்களின் கோவை மட்டுமே. மூல நிரலின் ஒரு பிரதியை ஏதேனும் ஒரு நூலகத்தில் மூடிய உறையில் ஒப்படைத்தவருக்கே பாதுகாப்பு, அதுவும் 14 ஆண்டுகள், தேவைப்பட்டால் இன்னும் 14 ஆண்டுகள் என்று விதித்தால், இன்று விற்பனையில் உள்ள எந்த மென்பொருளுக்கும் நட்டம் வராது என்றே நினைக்கிறேன். எதிர்ப்பவர்கள் தங்கள் காரணத்தை எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.